கடல் நீலம் என்பதற்கு ஆதாரம்

பள்ளிப் பிள்ளைகளுக்கான அட்லஸில் அந்த வருஷம் கடல் பச்சையாக அச்சாகி வந்தது. ஏதோ லேசாகப் பச்சை தட்டிவிட்டது என்று சமாளிக்கிற மாதிரி இல்லை. ஆடு மாடு பார்த்தால் மேய இறங்கிவிடும், அப்படி ஒரு பச்சை.

பாடநூல் அலுவலகத்தில் இதை முதலில் யாரும் கவனிக்கவில்லை. இயக்குநர் புத்தகத்தை வெளியிட்டுப் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள், புத்தகங்கள் லாரி ஏறிப் போயின. எங்கோ ஒரு வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "கப்பல் ஏன் சார் காட்டுக்குள்ள போகுது?" என்று கேட்டாளாம். ஆசிரியருக்குப் பதில் தெரியவில்லை. அவர் மேலே கேட்டார், மேலே இருந்தவர் அதற்கும் மேலே கேட்டார். கேள்வி உச்சிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து கீழே உருளத் தொடங்கி, கடைசியில் வண்ணக்காரியின் மேஜை மேல் வந்து விழுந்தது. அதற்குக் கீழே உருள இடமில்லை.

வண்ணக்காரி என்றுதான் அலுவலகத்தில் அவளை அழைப்பார்கள். வரைபடங்களுக்கு நிறம் கொடுப்பது அவள் வேலை. மலைக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை, கடலுக்கு நீலம். அதிலும் கரையோரத்தில் வெளிறிய நீலம், ஆழம் போகப் போகக் கெட்டி நீலம். ஒன்று இன்னொன்றாக மாறுகிற அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். நிலத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கடலில் நிதானமாக உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் முழுக்க வாய் திறக்காமல் ஒரே ஒரு வளைகுடாவில் கழித்ததும் உண்டு.

கோளாறு திரையில் இருந்தது. அவளுடைய கம்ப்யூட்டர் திரைக்கு வயதாகி, எதைக் கண்டாலும் அதற்கு நீலம் பூசுகிற பழக்கம் வந்துவிட்டது. வெள்ளைத் தாளும் நீலம், பாலைவனமும் நீலச் சாயல். கடல் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறதே என்று அவள் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனாள். திரையில் கடல் அழகாக வந்தது. தாளில் புல்வெளி வந்தது.

மேலிடத்து உத்தரவு சுருக்கமாக இருந்தது. அடுத்த பதிப்பிலும் கடல் தவறினால் வண்ணக்காரியை, ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற புத்தகக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே எலி கடித்த புத்தகத்தைக் கடிக்காத புத்தகத்திலிருந்து பிரிக்கிற வேலை காலியாக இருந்தது.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அவர் விடியலில் வண்டி எடுத்தால் மகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது இவள். பள்ளி விட்டு மகள் வரும்போது கதவைத் திறப்பது அவர். ஒரு கையை எடுத்தால் மொத்தமும் சரிந்துவிடுகிற ஏற்பாடு.

"நீ அங்க போயிட்டா இவளை நான் பஸ்லயே வச்சு வளர்க்க வேண்டியதுதான்" என்றார் அவர். "ஒரு நல்ல திரை கேளேன். எங்க டிப்போவில முன்கண்ணாடி மங்கிப்போச்சுன்னா மாத்திக் குடுத்துடறாங்க."

"உங்களுக்குக் கண்ணாடி மங்கினா எங்கயாவது போய் மோதுவீங்க, உடனே தெரிஞ்சிடும். நான் கடல்ல எங்க போய் மோதறது?"

"கேட்டுத்தான் பாரேன்."

கேட்டாள்.

கொள்முதல் அதிகாரியின் அறையில் பெரிய, புத்தம்புதிய திரை ஒன்று இருந்தது. வாங்கி வந்த அன்று அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடும் என்பது அவர் கொள்கை. தாளுக்குக் கீழே காற்றுக் கொப்புளங்கள் இருந்தன; அவற்றின் ஊடாக அவர் உலகத்தைப் பார்த்துக் கொள்முதல் செய்துகொண்டிருந்தார்.

"திரை கெட்டுப் போச்சுங்கறீங்க. சரி. ஆதாரம்?"

"நீங்க வந்து பார்த்தா தெரிஞ்சிடும் சார்."

"நான் வந்து பார்க்க ஆரம்பிச்சா எல்லாரும் கூப்பிடுவாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க."

வண்ணக்காரிக்கு அப்போதே மனதில் ஏதோ இடறியது. என்ன இடறியது என்று சொல்லத் தெரியவில்லை. தன் இடத்துக்குப் போய், வெறும் வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையில் திறந்து, அது நீலமாக இருப்பதைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது.

அதிகாரி தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதானே நீங்க அனுப்பினது? எங்கம்மா நீலம்? வெள்ளை வெளேர்னு இருக்கு. எனக்கே பொறாமையா இருக்கு."

"சார், இது உங்க திரையில தெரியறது."

"உங்க திரையை எடுத்த படம்தானே?"

"படம் என்னுது சார். பார்க்கறது உங்க திரையில."

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். யோசனை அவர் முகத்தில் ஏறி, வழி தெரியாமல் நின்று, இறங்கிவிட்டது. "குழப்பாதீங்க. உங்க திரை நல்ல நிலைமையில இருக்குன்னு நீங்களே ஆதாரம் குடுத்துட்டீங்க. நான் கோப்புல சேர்த்துடறேன்."

மறுநாள் அவள் தன் கைபேசியால் திரையைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அதில் தாள் பளிச்சென்று நீலமாகவே விழுந்திருந்தது. அதிகாரி அதைக் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"அப்போ போன்ல கோளாறு. போனை மாத்துங்க. அது உங்க சொந்தச் செலவு."

ஆனாலும் அவர் மனசாட்சி உள்ள மனிதர். இவள் விடாமல் வந்து நிற்பதைப் பார்த்து ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீலமாக இருந்தது. திரையைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"சுவர் நீலம்மா. அது திரையில அடிக்குது."

சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அடிக்கிற நாட்களில் வண்ணக்காரி தன் கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு பழைய படுதாவைப் போர்த்திவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். பெயின்ட் காய்ந்து படுதாவை எடுத்தபோது, பளீரென்ற வெள்ளைச் சுவருக்கு முன்னால் திரை முன்னைவிட நீலமாகத் தெரிந்தது.

"அப்போ கண்ணு" என்றார் அதிகாரி. "கண்ணைக் காட்டிட்டு வாங்க."

அவள் கண் மருத்துவரிடம் போனாள். மருத்துவர் சின்னச் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னார், நிறப் புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னார், இந்த வயதில் இப்படிப்பட்ட கண்ணைப் பார்த்தது அபூர்வம் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்ததும் அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! இவ்வளவு நல்ல கண்ணு இருக்கறவங்களுக்கு எதுக்குங்க புதுத் திரை? எந்தத் திரையா இருந்தாலும் உங்களுக்குத் தெரியுமே."

"கண்ணு கெட்டுப் போயிருந்தா புதுத் திரை குடுத்திருப்பீங்களா சார்?"

"கெட்டுப் போன கண்ணுக்குத் திரை குடுத்து என்ன பிரயோஜனம்? அது வீண் செலவில்ல?"

வண்ணக்காரி பதில் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் அவள் கற்றுக்கொண்ட மௌனங்கள் பல வகை. கோபத்தை விழுங்கும் மௌனம் உண்டு, கணக்குப் போடும் மௌனம் உண்டு. இது மூன்றாவது வகை: எதிரே இருப்பவர் சொன்னதில் எங்கேயும் பிடி கிடைக்காமல் வழுக்கிக்கொண்டே போகிற மௌனம். அந்த மௌனம் நீண்டுகொண்டே போக, அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. அவருக்கு மௌனம் பழக்கமில்லை. நெளிந்தார், பேனாவைத் திறந்து மூடினார்.

"சரி சரி. ஒரு குழு போட்டுடலாம்."

திரைத் தர நிர்ணயக் குழு அப்படித்தான் பிறந்தது. இயக்குநரே தலைவர். கொள்முதல் அதிகாரி செயலாளர். அலுவலகத்தின் சட்ட ஆலோசகர் ஓர் உறுப்பினர். பிறகு பதவி வரிசைப்படி இன்னும் சிலர். வண்ணக்காரி உறுப்பினர் இல்லை. பயன்படுத்தப் போகிறவள் என்பதால் அவளுக்குப் பாரபட்சம் இருக்கும் என்று சட்ட ஆலோசகர் சொல்லிவிட்டார். கதவோரம் நிற்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

முதல் கூட்டத்தில் நல்ல திரை என்றால் என்ன என்று பேசினார்கள்.

"பெரிசா இருக்கணும்" என்றார் கொள்முதல் அதிகாரி. "கடல் பெரிசு. திரையும் பெரிசா இருந்தாத்தான் பொருந்தும்."

"சின்னதா இருந்தா தப்பு சின்னதாத் தெரியும்" என்றார் சட்ட ஆலோசகர். "அந்தக் கோணத்தையும் நாம யோசிக்கணும்."

கதவோரத்திலிருந்து வண்ணக்காரி சொன்னாள்: "சார், பெரிசு சின்னது பரவாயில்லைங்க. நீலத்தை நீலமா, பச்சையைப் பச்சையாக் காட்டினாப் போதும். பக்கவாட்டுல இருந்து பார்த்தாலும் நிறம் மாறக் கூடாது. அவ்வளவுதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி பேசிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். அவர் குரல் கனமான குரல். தண்ணீர் கேட்டால்கூட மேடையிலிருந்து கேட்பது போலிருக்கும். "நிறம் என்பது என்ன? அதை முதலில் நாம வரையறுக்கணும். அவங்க நீலம்னு சொல்றது எனக்கு நீலமா? எனக்கு நீலமா இருக்கறது ஒரு கடைநிலை ஊழியருக்கும் நீலமா? இருக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் காணாம அவசரப்பட்டு ஒரு திரையை வாங்கிட்டா, நாளைக்கு வரலாறு நம்மளை மன்னிக்காது."

வரலாற்றின் மன்னிப்புக்காக இரண்டாவது கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அட்லஸ் அச்சுக்குப் போக வேண்டிய நாள் தள்ளிவைக்கப்படவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன ஆச்சு? திரை எப்போ வருதாம்?"

"இப்போதைக்கு நீலம்னா என்னன்னு பேசிட்டிருக்காங்க."

"சிவப்பு விளக்குன்னா என்னன்னு நாங்க பேச ஆரம்பிச்சா என்ன ஆகும்!"

அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கிடங்கின் நினைவு வந்து, மகளின் பள்ளிப் பையை எடுத்துக் காரணமில்லாமல் ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள்.

ஒருவழியாகச் செய்முறைச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். கம்ப்யூட்டர் விற்கிறவர் ஒருவர் மூன்று கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். உற்சாகமான இளைஞர், இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு முதல் தடவை வருகிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. கூட்ட அறை நீளமானது, ஒடுக்கமானது. ஒரு கோடியில் மேஜை. அதற்கு நேர் எதிரே இயக்குநரின் நாற்காலி. அவருக்கு இரண்டு பக்கமும் பதவி குறையக் குறைய நாற்காலிகள் சுவரை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போயின. கதவோரத்தில் வண்ணக்காரி.

"எந்தப் படத்தைப் போட்டுப் பாக்கறது சார்?" என்று விற்கிறவர் கேட்டார்.

"கடல் படம் கொண்டாந்திருக்கேன்" என்றாள் வண்ணக்காரி.

"கடலோட உண்மையான நிறம் குழுவுல யாருக்கும் அதிகாரபூர்வமாத் தெரியாது" என்றார் சட்ட ஆலோசகர். "உண்மையான நிறம் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிஞ்ச ஒரு பொருளை வச்சுத்தான் ஒப்பிட முடியும்."

அப்படி ஒரு பொருள் எது என்று அறை யோசித்தது. எல்லோர் கண்களும் ஒரே திசையில் போய் நின்றன. நடுநாற்காலியில் அந்தப் பொருள் அடக்கத்தோடு கையை அசைத்தது. "அட, என் படம் எதுக்குங்க... சரி, அலுவலக நன்மைக்குன்னா நான் மறுக்கலை."

போன மாதம்தான் எடுத்த இயக்குநரின் புகைப்படத்தை முதல் திரையில் போட்டார்கள். அது மலிவான ரகம். நேரே பார்த்தால் ஒரு நிறம், ஒதுங்கிப் பார்த்தால் வேறு நிறம். நடுவில் இருந்த இயக்குநருக்குத் தன் முகம் ரோஜா நிறத்தில் தெரிந்தது. பக்கத்து நாற்காலிக்கு அவர் ஊதாவாகத் தெரிந்தார். சுவரோரம் இருந்தவருக்கு, பல்லும் கண்ணும் கருத்து முகம் வெளுத்து, பார்க்கவே பயமாக இருந்தது.

"என்ன நிறம் தெரியுது?" என்று இயக்குநர் வரிசையாகக் கேட்டார்.

"நீங்க பார்க்கிற நிறம்தான் சார்" என்றார் பக்கத்து நாற்காலி.

"சார் பார்க்கிற நிறத்துல கொஞ்சம் குறைச்சு" என்றார் அதற்கு அடுத்தவர்.

"எனக்கு அவ்வளவு தூரம் தெரியத் தேவையில்லைங்க" என்றார் சுவரோரம்.

இதைக் கொள்முதல் அதிகாரி, 'உறுப்பினர்கள் தத்தம் பதவிக்கேற்ற நிறத்தைக் கண்டனர்' என்று குறித்துக்கொண்டார். திரை மோசமில்லை என்று முடிவாகும் போலிருந்தது.

இரண்டாவது திரையை விற்கிறவர் ஒரு பெருமிதத்தோடு போட்டார்.

வண்ணக்காரி கதவை விட்டு ஓரடி முன்னால் வந்துவிட்டாள். வெள்ளை வெள்ளையாக இருந்தது. சட்டையின் நீலம் சட்டையின் நீலமாகவே இருந்தது. கதவோரத்திலிருந்து பார்த்தாலும் மாறவில்லை. இந்தத் திரை கிடைத்துவிட்டால் கடல் கிடைத்துவிடும், கிடங்கு போய்விடும்.

ஆனால் அதே திரையில் இயக்குநரின் முகமும் உள்ளபடியே இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு கருத்த பைகள். தலைமுடியில் சாயம் முடிந்து நரை தொடங்குகிற எல்லை, வரைபடத்தில் போட்ட கோடு போலத் துல்லியமாக. மூக்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சிவப்பு நரம்புகள், மலையிலிருந்து இறங்குகிற ஆறுகள் மாதிரி.

அறை அப்படியே உறைந்தது. ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. ஒருவரும் இயக்குநரையும் பார்க்கவில்லை. இரண்டையும் பார்க்காமல் இருக்க அந்த ஒடுக்கமான அறையில் இடம் போதவில்லை. மேஜை விளிம்பை, பேனா மூடியை, தங்கள் தங்கள் நகங்களைப் பார்த்தார்கள்.

கடைசியில் இயக்குநரே பேசினார். குரலில் மேடை இறங்கியிருந்தது. "இந்தத் திரையில... விவரம் கொஞ்சம் அதிகமா இருக்கு."

"தேவைக்கு மேற்பட்ட விவரம்" என்றார் கொள்முதல் அதிகாரி, மூச்சு விட்டபடி.

"ஒரு உயரதிகாரியின் முகத்தில் இல்லாததைக் காட்டறது சட்டப்படி அவதூறு ஆகலாம்" என்றார் சட்ட ஆலோசகர்.

விற்கிறவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "இல்லாததைக் காட்டலை சார். இருக்கறதைத்தான் காட்டுது. இங்க பாருங்க, கன்னத்துல இந்த மரு..."

அவரை வெளியே உட்கார்ந்து தேநீர் குடிக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது திரையைக் கொள்முதல் அதிகாரியே முன்வந்து போட்டார். அது எல்லாவற்றையும் சுண்ணாம்பு நீரில் முக்கி எடுத்தது போலக் காட்டுகிற திரை. நிழல் இல்லை, சுருக்கம் இல்லை, ஆழம் இல்லை. இயக்குநர் அதில் கல்யாணப் பத்திரிகைக்குப் படம் எடுத்த மாப்பிள்ளையைப் போல வெளுத்துச் சிரித்தார். மூக்கு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது.

அறைக்கு உயிர் வந்தது.

"இதுதான் சார் தத்ரூபம்!"

"அப்படியே பேசற மாதிரி இருக்கு!"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து தன்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து உரையாற்றினார். "நான் தனிப்பட்ட விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டவன்னு உங்களுக்குத் தெரியும். எந்தத் திரை என்னை அழகாக் காட்டுதுங்கறது எனக்கு முக்கியம் இல்லை. எந்தத் திரை உண்மையைக் காட்டுதுங்கறதுதான் கேள்வி. தினமும் காலையில கண்ணாடியில என்னை நான் பாக்கறேன், மூக்குக்கண்ணாடி இல்லாமத்தான் பாக்கறேன். அதே முகம்தான் இதுல தெரியுது. ஆகவே இது உண்மையான திரை."

மூன்றாவது திரை ஒருமனதாகத் தேர்வானது. வண்ணக்காரி கதவோரத்தில் வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

புதுக் கம்ப்யூட்டர் அவள் மேஜைக்கு வந்தது. அவள் கடலைத் திறந்தாள். கடல் இல்லை. வெளிறிய ஏதோ ஒரு மூட்டம், அதற்குள் கரைகள் மிதந்தன. இந்தத் திரையில் கடல் நீலமாகத் தெரிய வேண்டுமென்றால் நிறத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏற்றிக்கொண்டே போனால் தாளில் அது மசியைக் கொட்டின மாதிரி கருப்பாகத்தான் வரும். போன தடவை புல்வெளி. இந்தத் தடவை தார்ச்சாலை. மாதிரிக்கு ஒரு பக்கம் அச்சடித்துப் பார்க்கலாமே என்று அச்சுப் பிரிவில் கேட்டாள். திரையில் நிறம் ஒப்புதல் ஆன பிறகுதான் மாதிரி அச்சு என்பது விதி என்றார்கள். ஒப்புதல் கொடுக்க வேண்டியது குழு.

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். எலியை நினைத்தாள், ரயிலை நினைத்தாள், காலையில் பள்ளிக்குக் கிளப்ப ஆளில்லாமல் தூங்குகிற மகளை நினைத்தாள். சாயங்காலம் எழுந்தபோது, அவள் மனதில் இருந்தது கோபமும் இல்லை, திட்டமும் இல்லை. களைப்புதான் இருந்தது. களைத்துப் போனவள் கேட்கிற ஒரு சாதாரணக் கேள்வியைத்தான் மறுநாள் அவள் குழுவின் முன்னால் கேட்டாள்.

ஒப்புதல் கூட்டம். புதுத் திரையில் கடல் விரிந்திருந்தது, அல்லது விரிந்திருப்பதாகச் சொல்லப்பட்டது.

"சார், என் கண்ணை நம்பிப் பூசினேன், தப்பாப் போச்சு" என்றாள். "இந்தத் திரை நீங்களா பார்த்து எடுத்தது. அதனால இந்தத் தடவை நிறத்தை நீங்களே சொல்லிடுங்க. இது சரியான நீலம், இதையே அச்சடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாப் போதும். சொன்னவங்க பேரைப் போட்டு அனுப்பிடறேன்."

இயக்குநர் கொள்முதல் அதிகாரியைப் பார்த்தார். கொள்முதல் அதிகாரி சட்ட ஆலோசகரைப் பார்த்தார். சட்ட ஆலோசகர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பார்வை பதவி வரிசையில் இறங்கிச் சுவரோரம் போய் முட்டி, அதே வரிசையில் மேலே ஏறித் திரும்பி வந்தது.

"நீலம் மாதிரிதான் தெரியுது" என்றார் கொள்முதல் அதிகாரி.

"எழுதிக்கவா சார்?"

"இருங்க, இருங்க! மாதிரின்னுதானே சொன்னேன். நான் பொருள் வாங்கற ஆளு. பொருளோட நிறத்துக்கு நான் பொறுப்பில்லை."

"சட்டத்துல கடலுக்கு எல்லை இருக்கு. நிறம் இல்லை" என்றார் சட்ட ஆலோசகர்.

"இன்னிக்கு எனக்குக் கண்ணு கொஞ்சம் உறுத்துது" என்றார் பக்கத்து நாற்காலி.

"நான் அன்னிக்கே சொன்னேன், எனக்குத் தெரியத் தேவையில்லைன்னு" என்றார் சுவரோரம்.

வண்ணக்காரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை. அவள் மௌனம் அறையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகிற எண்ணமே அதற்கு இல்லை. இயக்குநர் நெற்றியைத் துடைத்தார். பிறகு, மூழ்குகிறவருக்குக் காலில் தரை தட்டுப்பட்டது போல, அவர் முகம் தெளிந்தது.

"ஒரு அடிப்படைக் கேள்வி கேக்கறேன். தண்ணிக்கு நிறம் உண்டா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

"கிடையாது! நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லைன்னு நம்ம அறிவியல் புத்தகத்துலயே போட்டிருக்கோம். அதே அலுவலகம் பூகோளப் புத்தகத்துல தண்ணிக்கு நீலம் பூசுது! பிள்ளைங்க எதை நம்பும்? இத்தனை வருஷமா இந்த முரண்பாட்டோட தூங்கியிருக்கோமே! போன வருஷம் பச்சை வந்தது ஒரு தப்பே இல்லை. நிறம் பூசினதுதான் தப்பு."

"ஆகவே...?" என்றார் கொள்முதல் அதிகாரி, நம்பிக்கை துளிர்க்க.

"கடல் வெள்ளையாவே இருக்கட்டும். கீழே ஒரு வரி போடுங்க: 'கடலின் நிறத்தை மாணவர்களே கண்டறிந்து தீட்டுக.' செய்து கற்கும் முறை!"

இந்த முறை கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. ஒவ்வொருவரும் தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகின நிம்மதியில் தட்டினார்கள். அட்லஸ் வெள்ளைக் கடலோடு அச்சாகியது. அலுவலகத்துக்குப் புதுமைக் கல்விக்கான கேடயம் ஒன்றும் கிடைத்தது; திரைத் தர நிர்ணயக் குழு அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது.

"அப்போ மாற்றல் இல்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லைங்க. பூசாத கடல்ல யார் தப்பு பண்ண முடியும்?"

"அப்பாடா" என்று அவர் காலை நீட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, நீட்டின காலை மடக்கிக்கொண்டார். "ஏம்மா, நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான்" என்றாள். இருக்கை பத்திரம். மகளைப் பள்ளிக்குக் கிளப்ப ஆள் உண்டு. ஆனால் அலுவலகத்தில் நிலத்தை முடித்த பிறகு போய் உட்கார அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அது இப்போது வெறும் தாள்.

பள்ளிகள் திறந்த வாரம், மகளின் டீச்சர் கடலுக்கு நிறம் தீட்டி வரச் சொன்னார். எல்லாப் பள்ளியிலும் எல்லா டீச்சரும் அதையே சொல்லியிருந்தார்கள். வண்ணக்காரி மகளோடு ஸ்டேஷனரிக் கடைக்குப் போனபோது வாசலில் பெற்றோர்கள் அட்லஸும் கையுமாக நெரிசலாக நின்றார்கள். கடைக்காரர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"நீலம் நீலம்னு ஊரே வந்து நிக்குது! பெட்டியைப் பிரிச்சு நீலத்தை மட்டும் குடுத்துட்டா மத்ததை நான் என்ன பண்றது? எந்தப் புண்ணியவான் கடலுக்குக் கலர் போட மறந்தானோ!"

"மறக்கலைங்க" என்றாள் வண்ணக்காரி. "கூடிப் பேசித்தான் முடிவு பண்ணாங்க."

"உங்களுக்கு எந்த நீலம் வேணும்? ஏழெட்டு வகை வந்திருக்கு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

அவர் கிரேயான்களை மேஜையில் கொட்டினார். அவள் ஒவ்வொன்றையும் ஒரு காலி அட்டையில் தேய்த்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு, வெயில் விழுகிற இடத்துக்கு வந்தாள். பார்த்தாள். உள்ளே வந்து இரண்டை மட்டும் எடுத்தாள்.

"இதும் இதும்."

"எதுக்கு ரெண்டு?" என்றார் பின்னால் நின்றிருந்த ஒருவர்.

"இது கரையோரத்துக்கு, லேசா. உள்ள போகப் போக இதை அழுத்திப் பூசணும். ரெண்டும் சேர்ற இடத்துல கோடு தெரியக் கூடாது."

"எங்க, ஒரு தடவை பூசிக் காட்டுங்களேன்" என்று அவர் தன் பிள்ளையின் அட்லஸை நீட்டினார்.

அவள் தயங்கினாள். அடுத்தவர் புத்தகம். பிறகு மேஜையோரம் குனிந்து, ஒரு சின்ன வளைகுடாவில் தொடங்கினாள். வெளிறிய நீலம் கரையைத் தொட்டது, மெல்ல உள்ளே போனது, எந்த இடத்தில் என்று தெரியாமல் கெட்டியானது. பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கழுத்துகள் நீண்டன. கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கடலேதான்" என்றார் யாரோ.

"அக்கா எடுத்த ரெண்டையே எனக்கும் குடுங்க."

"எனக்கும் அதே."

"அக்கா, எங்களுதுக்கும் ஒரு ஓரத்துல மட்டும் பூசிக் குடுங்க, மீதியைப் பாத்துப் பையனே பூசிக்குவான்."

கடைக்காரர் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுத் துண்டால் தட்டிவிட்டார். வண்ணக்காரி உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் நின்று, தீர்ந்த கிரேயானை வாங்கிக்கொண்டு புதுசை எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்க டீச்சருங்களா?" என்று ஒரு அம்மா கேட்டாள்.

"இல்லைங்க. அட்லஸ் ஆபீஸ்ல வேலை."

"அங்க என்ன பண்றீங்க?"

வண்ணக்காரி தலை நிமிராமல் அடுத்த கடலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அங்க சும்மாத்தான் இருக்கேன்" என்றாள்.